‘இன்சூரன்ஸ் உட்பட’ என்றால் எவ்வளவுக்கு?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் நாளிதழில் கோடைச் சுற்றுலா விளம்பரங்கள் ஆறு வந்திருந்தன. அதில் நான்கில் ஒரே வரி: “விமான டிக்கெட், தங்குமிடம், மூன்று வேளை உணவு, இன்சூரன்ஸ் உட்பட.” ஓட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று போட்டிருக்கிறார்கள். தென்னிந்தியச் சாப்பாடு என்று போட்டிருக்கிறார்கள். பெட்டி எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்றுகூடப் போட்டிருக்கிறார்கள். இன்சூரன்ஸ் எவ்வளவுக்கு, 60 வயது தாண்டியவர்களுக்கும் அதே தொகைதானா, சர்க்கரை உள்ளவர்களுக்கு உண்டா இல்லையா என்பதை மட்டும் ஒருவரும் போடவில்லை. அந்த ஒரு வரியை நம்பி என் அம்மாவை வெளிநாடு அனுப்பியவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

மண்டபத்தில் 12 வருடங்களாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்று பெயர்தானே தவிர, பாஸ்போர்ட் விண்ணப்பம் பூர்த்தி செய்வது, போட்டோ எடுப்பது, டிக்கெட் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது எல்லாம் இங்கேதான். எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பள்ளிக்கூடங்களுக்கும் லீவு. வருடத்தில் ஆம்பளைகள் வீட்டில் இருப்பது அந்த இரண்டு மாதம்தான். கையில் கொஞ்சம் காசு சேர்த்தவர்கள் குடும்பத்தோடு எங்காவது போய் வருவது அப்போதுதான். 2023 டிசம்பரிலிருந்து மலேசியாவுக்கு விசா இல்லாமல் 30 நாள் போகலாம் என்று ஆனபிறகு கூட்டம் இன்னும் அதிகம். இந்தப் பக்கத்தில் பலருக்கு அங்கே சொந்தம் இருக்கிறது. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டை ஒன்றை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதை நிரப்பிக் கொடுக்க என் கடைக்கு வருவார்கள். அப்போது நான் கேட்கும் முதல் கேள்வி, “இன்சூரன்ஸ் பேப்பர் கையில இருக்கா?” என்பதுதான். “அதெல்லாம் டூர்காரர் போட்டிருக்காரு” என்பார்கள். இரண்டு வருடம் முன்னால் நானும் அப்படித்தான் சொன்னேன்.

2024 மே மாதம். அம்மாவும் சித்தியும் திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம் ஏறினார்கள். மலேசியா, சிங்கப்பூர் இரண்டும் சேர்த்து ஏழு நாள். மொத்தம் 32 பேர். அம்மாவுக்கு அப்போது 66 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை, பிரஷருக்கு மாத்திரை. பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவுக்கு வெகுநாள் ஆசை. 272 படி. ஏறும்போது ஒன்றும் இல்லை, நின்று நின்று ஏறிவிட்டார். இறங்கும்போது குரங்கு ஒன்று சித்தியின் கையிலிருந்த தேங்காய்ப் பையைப் பறிக்க வந்திருக்கிறது. அம்மா அதை விரட்டத் திரும்பியவர், படி ஈரமாக இருக்கவும் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்துவிட்டார். மணிக்கட்டு இரண்டாக ஒடிந்துபோனது.

கடையில் பள்ளிக்கூடச் சான்றிதழ் ஒன்றை லேமினேட் செய்துகொண்டிருந்தேன். சித்தி போனில், “அம்மா விழுந்துருச்சுத்தா” என்றார். பின்னாலிருந்து அம்மாவின் குரல்: “பயப்படாத ஆத்தா, கைதான்.” லேமினேஷன் மெஷினில் சான்றிதழ் பாதியில் நிற்கிறது, அதை எடுக்கத் தோன்றவில்லை.

மருத்துவமனையில் அட்மிஷன் கவுண்டரில் கேட்ட முதல் கேள்வி இன்சூரன்ஸ். சித்தியிடம் பேப்பர் இல்லை. கூட வந்த வழிகாட்டியிடமும் இல்லை, அவருடைய போனில் ஒரு பி.டி.எஃப். இருந்தது. அதை எனக்கு அனுப்பி வைத்தார். இரவு பத்து மணிக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டரில் திறந்தேன். 38 பக்கம், முழுக்க ஆங்கிலம். முதல் பக்கத்தில் 25,000 டாலர் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. 20 லட்சத்துக்கு மேல் ஆயிற்றே, கைக்கு அவ்வளவா ஆகிவிடும் என்று நினைத்தேன். 23-ஆம் பக்கம் வந்தபோதுதான் வயிறு கலங்கியது. 61 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு அட்டவணை. அறை வாடகைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான், ஆபரேஷனுக்கு இவ்வளவுதான், டாக்டர் பார்த்துவிட்டுப் போவதற்கு இவ்வளவுதான். இதைத்தான் சப்-லிமிட் என்கிறார்கள். 25,000 டாலர் என்பது மேல்கூரை மாதிரி. அதற்குக் கீழே ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனியாகத் தாழ்ந்த கூரை போட்டிருந்தார்கள்.

அதோடு முடியவில்லை. அம்மாவுக்கு அன்றைக்குச் சர்க்கரை 340. அது இறங்கினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு நாள் அதற்காகவே படுக்கையில். மூன்றாம் நாள் எலும்பில் தகடு வைத்து ஆபரேஷன். நான்காம் நாள் டிஸ்சார்ஜ். பில் 11,400 ரிங்கிட், நம் காசுக்கு ஏறத்தாழ 2 லட்சம். கிள்ளானில் இருக்கும் சித்தப்பா வழிச் சொந்தக்காரர் பாதி கட்டினார். மீதியை இங்கே நகையை வைத்து அனுப்பினேன்.

ஊருக்கு வந்ததும் கிளைம் போட்டோம். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த முதல் கேள்வி, “நோயாளிக்குச் சர்க்கரை எத்தனை வருடமாக?” என்பது. டூர் ஏற்பாட்டாளர் பாலிசி எடுத்தபோது 32 பேருக்கும் சேர்த்து, முன்பே நோய் உண்டா என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று நிரப்பிக் கொடுத்திருக்கிறார். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம், மறைப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? கை ஒடிந்தது விபத்து என்பதால் முழுவதும் தள்ளாமல் விட்டார்கள். ஆனால் சர்க்கரை இறங்கக் காத்திருந்த இரண்டு நாள் செலவு முன்பே இருந்த நோயின் கணக்கில் போய்விட்டது. முதல் 100 டாலர் நம் பொறுப்பு என்று ஒரு விதி, அதற்குப் பெயர் டிடக்டிபிள், அதுவும் போனது. மீதியில் சப்-லிமிட் போக, ஐந்து மாதம் கழித்துக் கையில் வந்தது 86,000 ரூபாய்.

அதற்கும் மேலே இரண்டு தப்பு எங்கள் பக்கம் நடந்தது. பாலிசியின் முதல் பக்கத்திலேயே 24 மணி நேர உதவி எண் இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த உடனே அந்த எண்ணுக்குக் கூப்பிட்டிருந்தால் கேஷ்லெஸ் முறையில், அதாவது நாம் கையிலிருந்து கட்டாமல், அவர்களே ஆஸ்பத்திரியோடு பேசியிருப்பார்கள், எதற்குக் கொடுப்போம் எதற்கு மாட்டோம் என்பதும் அப்போதே தெரிந்திருக்கும். நாங்கள் கூப்பிடவில்லை. அப்புறம், குறைவாகக் கொடுத்ததை எதிர்த்து எங்கே போவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். தெரிந்துகொண்டபோது காலம் கடந்துவிட்டது. அதைக் கீழே சொல்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இன்சூரன்ஸே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. அந்த 86,000 இல்லாமல் போயிருந்தால் நகையை மீட்க இன்னும் ஒரு வருடம் ஆகியிருக்கும். ஐரோப்பாவில் ஷெங்கன் விசா வேண்டுமென்றால் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்டியாக வேண்டும். மலேசியாவுக்கு அப்படி யாரும் கேட்பதில்லை. கேட்காததால்தான் நம்மவர்கள் அதைத் தேவையில்லாத செலவு என்று நினைக்கிறார்கள். எங்கள் அப்பா வத்தை என்ற சின்னப் படகில் கடலுக்குப் போனவர். கச்சான் காற்று அடிக்கிறதா, வாடைக் காற்று திரும்புகிறதா என்று கரையில் நின்று பார்க்காமல் ஒரு நாளும் இறங்கினதில்லை. கரையில் நிற்கும்போதே பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும் என்பார். பயண இன்சூரன்ஸும் கரையில் இருக்கும்போதே பார்க்க வேண்டிய ஒன்று. இந்தியாவை விட்டுக் கிளம்புமுன்தான் எடுக்க முடியும். அங்கே போய் விழுந்தபிறகு எடுக்க முடியாது.

சரி, எப்படிப் பார்ப்பது? என் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

பிரீமியத்தைப் பார்க்குமுன் வயதைப் பாருங்கள். ஒரே குடும்பம் என்றாலும் எல்லோருக்கும் ஒரே பாலிசி வேண்டியதில்லை. போன மாதம் ஒரு தம்பி வந்தார், 36 வயது, படகு டிரைவர். மனைவி, பையன், 64 வயது அம்மா, நான்கு பேரும் ஒரு வாரம் மலேசியா போகிறார்கள். அவருக்கு 50,000 டாலர் பாலிசி 500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அவர் அம்மாவுக்கு அதே தொகை 1,300 சொச்சம். “அம்மாவுக்கு மட்டும் ஏன்க்கா இவ்வளவு? கொறஞ்சதுல போட்டுருவோமே” என்றார். நான் மாற்றிச் சொன்னேன்: குறைக்க வேண்டும் என்றால் உனக்குக் குறைத்துக்கொள், அம்மாவுக்குச் சப்-லிமிட் இல்லாத பாலிசியாகப் பார். வயதானவருக்குத்தான் ஆஸ்பத்திரி தேவைப்பட வாய்ப்பு அதிகம், அவருக்குத்தான் மலிவு பாலிசியில் ஓட்டை அதிகம். இரண்டு கம்பெனி பார்த்து, சப்-லிமிட் இல்லாதது 1,600 ரூபாய்க்குக் கிடைத்தது. நான்கு பேருக்கும் சேர்த்து அவர்கள் விமான நிலையத்தில் காப்பி குடிக்கும் செலவைவிடக் கொஞ்சம்தான் அதிகம் வந்திருக்கும்.

சர்க்கரை, பிரஷர், இதயத்துக்கு ஸ்டென்ட், தைராய்டு எதுவாக இருந்தாலும் உள்ளதைச் சொல்லி எடுங்கள். சொன்னால் கொடுக்க மாட்டார்கள், பிரீமியம் ஏறிவிடும் என்று பயந்து மறைக்கிறார்கள். சில கம்பெனிகள் முன்பே இருந்த நோய்க்குக் கொடுப்பதில்லை. சில, உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் மட்டும் ஒரு வரம்பு வரை கொடுக்கும். சில, கூடுதல் பிரீமியத்துக்குச் சேர்த்துக்கொள்ளும். உண்மையைச் சொன்னால் எந்தக் கம்பெனி என்ன தரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எடுக்கலாம். மறைத்து எடுத்தால், அந்தப் பதில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் படுத்திருக்கும்போதுதான் வந்து சேரும். குழுவாகப் போகும்போது உங்கள் பெயரில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். இதை மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

காசு மிச்சம் பிடிக்கவும் நேர்மையான வழி இருக்கிறது. மலேசியா, தாய்லாந்து, இலங்கை போகிறவர்கள் ‘உலகம் முழுவதும்’ என்ற பாலிசியை எடுக்க வேண்டாம். அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்தால்தான் பிரீமியம் தாறுமாறாக ஏறும். ஆசியா மட்டும் என்று தனியாக இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை போகிறவருக்கு ஒரு பயண பாலிசி போதும், வருட பாலிசி தேவையில்லை. பெட்டி தொலைந்தால் இவ்வளவு, பெட்டி தாமதமானால் இவ்வளவு என்று சேர்த்து விற்பதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பெட்டியில் என்ன இருக்கப் போகிறது, நாலு சேலையும் கருவாட்டுப் பொட்டலமும்தானே. அந்தக் காசை மருத்துவத் தொகையில் போடுங்கள். ஒருவேளை பெட்டி தொலைந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் விமானக் கம்பெனி கவுண்டரில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். பாஸ்போர்ட் தொலைந்தால் அந்த ஊர் போலீஸில் புகார் எழுதி நகல் வாங்க வேண்டும். இந்தக் காகிதங்கள் இல்லாமல் கிளைம் நகராது.

இளைஞர்களுக்கு இன்னொன்று. லங்காவியில் படகு இழுக்க பாராசூட்டில் பறப்பது, கடலுக்கடியில் மூழ்கிப் பார்ப்பது போன்றவை சாகச விளையாட்டுக் கணக்கில் வரும். தனியாகச் சேர்த்திருந்தால் ஒழிய, பெரும்பாலான பாலிசியில் அதற்குப் பணம் இல்லை. குடித்திருந்தால் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் வாடகை பைக் ஓட்டி விழுந்தால் இல்லை. கர்ப்பிணிகள் அது சம்பந்தமான செலவுக்கு உண்டா என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும், பொதுவாக இருக்காது.

கீழக்கரைப் பக்கத்து அண்ணன் ஒருவர், “எங்கிட்டதான் ஏற்கெனவே இன்சூரன்ஸ் இருக்கே” என்று பழைய காகிதம் ஒன்றைக் காட்டினார். அது வளைகுடாவுக்கு வேலைக்குப் போனபோது எடுத்த பிரவாசி பாரதிய பீமா யோஜனா. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. வேலைக்குப் போகிறவர்களுக்கு நல்ல திட்டம்தான், ஆனால் குடும்பத்தோடு சுற்றுலா போவதற்கு அது உதவாது.

உள்நாட்டுக்குள் போகிறவர்கள் ஊட்டிக்கோ காசிக்கோ பெரிய பாலிசி தேட வேண்டியதில்லை. வீட்டில் மருத்துவக் காப்பீடு இருந்தால் அது எந்தெந்த ஊரில் செல்லும் என்று கேட்டு வைத்தால் போதும். ஆனால் ரயில் டிக்கெட்டை ஐ.ஆர்.சி.டி.சி.யில் போடும்போது ஒரு கட்டம் வரும், பயணக் காப்பீடு வேண்டுமா என்று. ஆளுக்கு 45 காசு. 45 ரூபாய் இல்லை, காசு. ரயில் விபத்தில் உயிரிழந்தாலோ முழு ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம், பகுதி ஊனத்துக்கு ஏழரை லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2 லட்சம் வரை. டிக்கெட் உறுதியாகவோ ஆர்.ஏ.சி.யாகவோ இருக்க வேண்டும். தனி இருக்கை எடுக்காத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இல்லை. கவுண்டரில் எடுக்கும் டிக்கெட்டுக்கும் இல்லை. நாலு பேருக்கு 1 ரூபாய் 80 காசு. என் கண் முன்னாலேயே அதை ‘வேண்டாம்’ என்று அழுத்திவிட்டுப் போகிறார்கள். ‘வேண்டும்’ என்று அழுத்தியவர்களும் அதன்பிறகு போனுக்கு வரும் லிங்க்கில் நாமினி பெயர் போடுவதில்லை. 1964 டிசம்பரில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயிலைக் கடல் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். 45 காசுக்கு யோசிக்கலாமா?

வங்கிக் கணக்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி விபத்துக் காப்பீடும் இருக்கிறது. விபத்தில் மரணம் என்றால் 2 லட்சம். அது ஜூன் 1-ல் புதுப்பிக்கப்படும். தடைக்காலத்தில் கணக்கைத் துடைத்து வைத்திருப்பவர்கள் மே கடைசியில் 20 ரூபாயாவது விட்டுவைக்க வேண்டும்.

இனி, நான் விட்டுவிட்ட வழி. கம்பெனி கிளைமைக் குறைத்தாலோ தள்ளினாலோ முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் நடுவரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் வரையிலான வழக்கைக் கேட்பார்கள். ஆனால் கம்பெனியின் பதில் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். எனக்கு இது தெரிந்தபோது 14 மாதம் ஆகியிருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் உதவி எண் 155255. இந்த எண்ணைக் கடைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். சுற்றுலா விளம்பரம் வாங்கும்போது, ‘இன்சூரன்ஸ் உட்பட’ என்று போடுகிறவர்கள் எத்தனை டாலருக்கு, எத்தனை வயது வரை, சப்-லிமிட் உண்டா என்ற மூன்றையும் போடச் சொல்லுங்கள். ஒரு வரிக்கு மேல் ஆகாது. பாலிசிக் காகிதத்தைப் பயணத்துக்கு மூன்று நாள் முன்னால் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கும்படி ஏற்பாட்டாளர்களுக்கும் உங்கள் பத்திரிகை மூலம் சொல்லுங்கள். மருத்துவக் காப்பீட்டில் எது உண்டு எது இல்லை என்ற சுருக்கத் தாளைக் கேட்பவருக்கு அவரவர் மொழியில் தர வேண்டும் என்று 2024-லிருந்து விதி இருக்கிறது. பயணத்துக்கும் அந்தத் தாள் தமிழில் வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு, அம்மா வேறு நாட்டில் வலியில் கிடக்கும்போது, 38 பக்கத்தில் 23-ஆம் பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

அம்மாவுக்கு இப்போது கை பரவாயில்லை. ஈரத்துணி பிழிய மட்டும் முடியவில்லை, அதை நான் பிழிந்து போடுகிறேன். இந்த மே மாதம் தம்பி வீட்டுக்குச் சேது எக்ஸ்பிரஸில் சென்னை போகிறார். டிக்கெட்டை நான்தான் போட்டேன். 45 காசு கட்டத்தை அழுத்திவிட்டு, நாமினி யார் பேரும்மா என்று கேட்டேன். தம்பி மகள் பெயரைச் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.